லிமிட்டை உயர்த்தும் முன் எண்ணிப் பாருங்கள்

பைதான் மொழியில் சொந்தமாக ஓர் இணையத் தளம் எழுதி, அதை ஒரு ஹோஸ்டிங் கணக்கில் ஏற்றி நடத்துவது இன்று பெரிய வித்தை அல்ல. டிஜாங்கோ, ஃபிளாஸ்க் போன்றவை அந்த வேலையை மிகவும் எளிதாக்கி விட்டன. கடைக்கு ஒரு தளம், டியூஷன் சென்டருக்கு ஒரு தளம், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தளம் என்று வீட்டில் இருந்தபடியே பலர் நடத்துகிறார்கள். தளம் மாதக் கணக்கில் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள், அதுவும் கூட்டம் வருகிற நாளாகப் பார்த்து, நின்று போகும். லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் "கான்ட் ஸ்டார்ட் நியூ த்ரெட்" என்று ஒரு வரி இருக்கும். அல்லது "ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்" என்று இருக்கும். புதிதாக ஒரு த்ரெட்டையோ ப்ராசஸையோ தொடங்க முடியவில்லை என்பதே இரண்டுக்கும் பொருள்.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டால் வழக்கமாக வருகிற பதில் ஒன்றுதான். "உங்கள் கணக்கின் லிமிட் தீர்ந்து விட்டது, அடுத்த பிளானுக்கு மாறிக் கொள்ளுங்கள்." சொந்தமாக வி.பி.எஸ். சர்வர் வைத்திருப்பவர் என்றால், விவரம் தெரிந்த நண்பர் யாராவது "யூலிமிட்டை ஏற்றி விடு, சரியாகி விடும்" என்பார். பெரும்பாலான சிறிய தளங்களுக்கு இந்த இரண்டுமே தவறான மருந்து என்பது என் கருத்து. லிமிட் என்பது நோய் அல்ல, காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரில் இன்னும் இரண்டு கோடு கூடுதலாகப் போட்டு விட்டால் காய்ச்சல் இறங்கி விடாது. மாதா மாதம் கூடுதல் பணம் கட்டிய பிறகும் அதே வரி லாக் ஃபைலில் திரும்ப வரும் என்பதுதான் இதில் உள்ள வேதனை.

முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. எத்தனை ப்ராசஸ், எத்தனை த்ரெட், அவை எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். எண்ணுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சில அடிப்படை விஷயங்கள் தெரிந்தால் போதும்.

ப்ராசஸும் த்ரெட்டும்

ஓர் ஓட்டலை நினைத்துக் கொள்ளுங்கள். ப்ராசஸ் என்பது ஒரு தனிச் சமையல்கட்டு. அதற்கென்று தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி மளிகை. இன்னொரு சமையல்கட்டில் இருப்பதை இது எடுக்க முடியாது. த்ரெட் என்பது ஒரே சமையல்கட்டுக்குள் வேலை செய்கிற ஆள். எல்லா ஆட்களும் அதே பாத்திரத்தையும் மளிகையையும் பகிர்ந்து கொள்வார்கள். எனவே புதிய ப்ராசஸ் என்றால் மெமரி அதிகம் செலவாகும். புதிய த்ரெட் என்றால் குறைவாகச் செலவாகும்.

பைதான் சமையல்கட்டில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. எத்தனை ஆள் இருந்தாலும் கரண்டி ஒன்றுதான். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்தில் சமைக்க முடியும். இதைத்தான் ஜி.ஐ.எல். என்கிறார்கள். ஆனால் ஓர் ஆள் பால்காரருக்காகக் காத்திருக்க வேண்டி வந்தால் கரண்டியைக் கீழே வைத்து விடுவார். அடுத்தவர் எடுத்துக் கொள்வார். டேட்டாபேஸிடம் பதில் கேட்டுக் காத்திருப்பது, வேறொரு தளத்திடம் தகவல் கேட்டுக் காத்திருப்பது எல்லாம் இந்தப் பால்காரர் கதைதான். ஆகவே காத்திருக்கும் வேலைக்கு த்ரெட் நன்றாக உதவும். கணக்குப் போடும் வேலைக்கு த்ரெட்டைக் கூட்டி லாபம் இல்லை, ப்ராசஸைத்தான் கூட்ட வேண்டும்.

கரண்டித் தொல்லை இல்லாத பைதானும் வந்து விட்டது. 2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பில் பரிசோதனையாகவும், 2025 அக்டோபரில் வெளியான 3.14 பதிப்பில் முறையான ஆதரவோடும் அது தனி வடிவமாகக் கிடைக்கிறது. ஆனால் வழக்கமாக நாம் இன்ஸ்டால் செய்யும் பைதான் இப்போதும் ஒற்றைக் கரண்டிப் பைதான்தான். எனவே மேலே சொன்ன கணக்கு மாறவில்லை.

லிமிட் எதை எண்ணுகிறது?

பலரும் ஏமாறுகிற இடம் இது. "உங்கள் கணக்கில் 100 ப்ராசஸ் அனுமதி" என்று போட்டிருப்பார்கள். நம் தளத்தில் ஓடுவதோ நாலைந்து ப்ராசஸ். பிறகு எப்படி லிமிட் தீரும் என்று குழம்பிப் போவோம்.

லினக்ஸில் ஒரு யூசருக்கான ப்ராசஸ் லிமிட் உண்மையில் ப்ராசஸ்களை மட்டும் எண்ணுவது இல்லை. ஒவ்வொரு த்ரெட்டையும் ஒன்று என்று எண்ணுகிறது. சமையல்கட்டுகளை அல்ல, உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுகிறது. மேலும், அந்த யூசர் பெயரில் ஓடுகிற எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரே கணக்கில் இரண்டு தளங்கள் இருந்தால் இரண்டும் சேரும். கிரான் மூலம் ஓடும் புரோகிராமும் சேரும். நீங்கள் எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்ளே நுழைந்து உட்கார்ந்திருந்தால் அதுவும் சேரும். லிமிட் தீர்ந்து போன நேரத்தில் உள்ளே நுழைய முயன்றால் அதற்கே இடம் இல்லாமல் போவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூரை ஒன்று அல்ல, பல. யூசருக்கான யூலிமிட் ஒன்று. 2015-ல் வெளியான லினக்ஸ் 4.3 கெர்னலில் சேர்க்கப்பட்ட பிட்ஸ் கன்ட்ரோலர் இன்னொன்று. சிஸ்டம்டி சர்வீஸ்களின் டாஸ்க்ஸ்மேக்ஸும், கன்டெய்னர்களுக்கான ப்ராசஸ் வரம்பும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் பல இடங்களில் கிளவுட்லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கும். அதில் என்ப்ராக் என்று ஒரு வரம்பும், என்ட்ரி ப்ராசஸ் என்று தனியாக ஒரு வரம்பும் உண்டு. அது இன்ஸ்டால் ஆகும்போது இவை 100, 20 என்று இருக்கும். நிறுவனங்கள் தங்கள் பிளானுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளும். என்ட்ரி ப்ராசஸ் தீர்ந்தால் பார்வையாளருக்கு 508 என்ற எண்ணுடன் பிழை தெரியும். என்ப்ராக் தீர்ந்தால் பெரும்பாலும் 500 அல்லது 503 தெரியும். இந்த எண்ணைப் பார்த்தே எந்தக் கூரையில் தலை இடித்தது என்று பாதி ஊகித்து விடலாம்.

கடைசியாக மெமரி. புதிய த்ரெட் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக் என்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும். லினக்ஸில் இது வழக்கமாக 8 எம்பி. முழுவதும் உடனே செலவாகி விடாது, முகவரி அளவில் மட்டும் ஒதுக்கி வைக்கப்படும். 64 பிட் கம்ப்யூட்டரில் இது பெரிய பிரச்சினை அல்ல. பழைய 32 பிட் நாள்களில் ஒரு ப்ராசஸுக்குக் கிடைத்த 3 ஜிபி முகவரியை 8 எம்பியால் வகுத்தால் 384 வரும். அதற்கு மேல் த்ரெட் போடவே முடியாது. இப்போதும் சில ஹோஸ்டிங் கணக்குகளில் இந்த முகவரி இடத்துக்கே வரம்பு வைத்திருப்பார்கள். அங்கே த்ரெட் எண்ணிக்கை குறைவாக இருந்தும் "கான்ட் ஸ்டார்ட் நியூ த்ரெட்" வரும். பிழைச் செய்தி ஒன்றுதான்; காரணம் இத்தனை. இதனால்தான் செய்தியை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது என்கிறேன்.

இத்தனை த்ரெட் எங்கிருந்து வந்தது?

நீங்கள் ஒரு த்ரெட் கூட உருவாக்காமலேயே நூறு த்ரெட் உருவாகி இருக்கலாம். நான்கு இடங்களில் தேடுங்கள்.

முதல் இடம் நம்பை. மாணவர்களின் மதிப்பெண் எக்ஸெல் ஃபைலை பாண்டாஸ் கொண்டு படித்துக் காட்டுகிற ஒரு தளம் என்று வைத்துக் கொள்வோம். பாண்டாஸ் நம்பையை அழைக்கிறது. நம்பை, கணித வேலைக்காக ஓப்பன்பிளாஸ் என்ற லைப்ரரியை அழைக்கிறது. ஓப்பன்பிளாஸ் உள்ளே வந்ததுமே சர்வரில் எத்தனை சி.பி.யு. கோர் இருக்கிறது என்று பார்த்து, அத்தனை பேர் வேலை செய்யும்படி த்ரெட்டுகளைத் தயார் செய்து வைத்துக் கொள்கிறது. ஷேர்டு சர்வரில் 32 கோர் இருந்தால் ஒரு ப்ராசஸுக்கு 32 த்ரெட். நம் தளம் 4 ஒர்க்கர் ப்ராசஸ்களில் ஓடினால் 4 பெருக்கல் 32, அதாவது 128. அவற்றை மேய்க்கும் தலைமை ப்ராசஸ் ஒன்று. மொத்தம் 129. லிமிட் 100. ஒரு பார்வையாளர் கூட வராத நிலையிலேயே தளம் எழுந்து நிற்காது. லாக் ஃபைலில் ஓப்பன்பிளாஸ் என்ற பெயரும், இத்தனையாவது த்ரெட் தோல்வி என்ற கணக்கும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

இதற்கு மருந்து இலவசம். ஓப்பன்பிளாஸ், நம், த்ரெட்ஸ் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவே அண்டர்ஸ்கோர் இட்டு எழுதினால் ஓர் என்விரான்மென்ட் வேரியபிளின் பெயர் கிடைக்கும். அதன் மதிப்பை 1 என்று வையுங்கள். நம்பை இம்போர்ட் ஆவதற்கு முன்பே இது நடந்திருக்க வேண்டும். எனவே ஸ்டார்ட் ஆகும் ஃபைலின் முதல் வரிகளில் வைத்து விடுங்கள். 129 என்பது 5 ஆகி விடும். மிகப் பெரிய மேட்ரிக்ஸ்களைப் பெருக்கும் தளமாக இருந்தால் வேகம் குறையலாம். மதிப்பெண் பட்டியல் காட்டும் தளத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. இந்த ஒரே வரிக்குப் பதிலாகத்தான் சிலர் வருடம் முழுவதும் அடுத்த பிளானுக்குப் பணம் கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது இடம், கோர் எண்ணிக்கையை வைத்துப் போடும் ஃபார்முலா. ஜியுனிகார்ன் சர்வரின் உதவிக் குறிப்பில், கோர் எண்ணிக்கையை 2 ஆல் பெருக்கி 1 கூட்டினால் வருவது ஒர்க்கர் எண்ணிக்கைக்கு நல்ல ஆரம்பம் என்று இருக்கிறது. உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் இது சரி. பலரும் இதைத் தானாகக் கணக்கிடும்படி கான்ஃபிக் ஃபைலில் எழுதி, அப்படியே ஷேர்டு சர்வரிலோ கன்டெய்னரிலோ ஏற்றி விடுகிறார்கள். பைதானிடம் கோர் எத்தனை என்று கேட்டால், உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லாது, அந்த முழு மெஷினில் இருப்பதைச் சொல்லும். 32 கோர் என்றால் 65 ஒர்க்கர். ஒன்றுக்கு 80 எம்பி மெமரி என்று வைத்தாலும் 5,200 எம்பி. உங்கள் கணக்கில் இருப்பதோ 1 ஜிபி. அதே உதவிக் குறிப்பு, நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரும் கோரிக்கைகளைச் சமாளிக்கவே 4 முதல் 12 ஒர்க்கர் போதும் என்றும் சொல்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஒர்க்கர் எண்ணிக்கையை நீங்களே ஓர் எண்ணாக எழுதி வையுங்கள், ஃபார்முலாவிடம் விடாதீர்கள்.

மூன்றாவது இடம், பதில் வராத வெளி அழைப்பு. தளத்தில் ஒருவர் பதிவு செய்ததும் அவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு கேட்வேயை அழைக்கிறீர்கள். பைதானில் இதற்கு எல்லோரும் பயன்படுத்துவது ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. இதில் நாமாகச் சொன்னால் ஒழிய டைம்அவுட் கிடையாது. கேட்வே திணறிப் பதில் தராமல் போனால் உங்கள் த்ரெட் வாசலைப் பார்த்தபடி நின்று கொண்டே இருக்கும். அடுத்தவர் வருவார், இன்னொரு த்ரெட் நிற்கும். பிழை யாரோ ஒருவருடைய சர்வரில். விழுவது உங்கள் தளம். ஒவ்வொரு வெளி அழைப்பிலும் டைம்அவுட் என்று எழுதி, இணைப்புக்கு 3 நொடி, பதிலுக்கு 10 நொடி என்பது போல் கொடுத்து விடுங்கள். ஜியுனிகார்னின் சாதாரண சிங்க் ஒர்க்கர், 30 நொடி அசையாமல் இருந்தால் தானாகவே கொல்லப்பட்டு, புதிய ஒர்க்கர் வரும். த்ரெட் உள்ள ஒர்க்கர் வகையில் இந்தக் காவல் அப்படி வேலை செய்யாது. சிக்கிய த்ரெட் சிக்கியபடியே இருக்கும். அதனால் அங்கே டைம்அவுட் இன்னும் அவசியம்.

நான்காவது இடம், நாமே கட்டிய குழாயை மூட மறப்பது. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் ஒரு புதிய த்ரெட் பூல் உருவாக்கி, வேலை முடிந்ததும் அதை மூடாமல் விடுகிற புரோகிராம்கள் உண்டு. த்ரெட் பூல் எக்ஸிக்யூட்டரில் எண் எதுவும் கொடுக்காவிட்டால், பைதான் 3.8 முதல் கோர் எண்ணிக்கையோடு 4 கூட்டி, 32-க்கு மிகாமல் எடுத்துக் கொள்கிறது. ஒரு பூலுக்கு 32 வரை போகலாம் என்றால், பத்துப் பேர் சேர்ந்தாற்போல் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். தளம் முழுவதற்கும் ஒரே பூல், அதில் 4 அல்லது 5 த்ரெட் என்று வைத்தால் போதும். கிரானும் இதே வகைதான். நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி வைத்த புரோகிராம் முடிய மூன்று நிமிடம் ஆனால், ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும். லினக்ஸில் எஃப்லாக் என்ற கட்டளையைச் சேர்த்துக் கொண்டால், முந்தையது முடியும் வரை அடுத்தது தொடங்காது.

எப்படி எண்ணுவது?

வி.பி.எஸ். வைத்திருப்பவர்கள் டாப் கட்டளையைக் கொடுத்து, பெரிய எழுத்து ஹெச் அழுத்தினால் ப்ராசஸ்களுக்குப் பதிலாக த்ரெட்டுகள் வரிசையாகத் தெரியும். குறிப்பிட்ட ஒரு ப்ராசஸை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸின் எண் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற ஃபைலைத் திறந்து, த்ரெட்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அதே ஃபோல்டரில் லிமிட்ஸ் என்ற ஃபைலும் இருக்கும். அந்த ப்ராசஸுக்கு உண்மையில் என்ன வரம்பு நடைமுறையில் உள்ளது என்று அது சொல்லும்.

இந்த லிமிட்ஸ் ஃபைலை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் திரையில் யூலிமிட் கட்டளை காட்டும் எண்ணும், வெப் சர்வருக்கு உள்ள எண்ணும் வேறு வேறாக இருக்கலாம். பலர் செக்யூரிட்டி டைரக்டரியில் உள்ள லிமிட்ஸ் கான்ஃப் ஃபைலில் எண்ணை ஏற்றி விட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று தவிக்கிறார்கள். சிஸ்டம்டி மூலம் ஸ்டார்ட் ஆகும் சர்வீஸ்கள் அந்த ஃபைலைப் பார்ப்பதே இல்லை. சர்வீஸின் யூனிட் ஃபைலில் லிமிட்என்ப்ராக், டாஸ்க்ஸ்மேக்ஸ் என்ற வரிகளில்தான் மாற்ற வேண்டும்.

ஷேர்டு ஹோஸ்டிங் வாசகர்களுக்கு இவ்வளவு சுதந்திரம் இருக்காது. ஆனால் கிளவுட்லினக்ஸ் உள்ள சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்ற பக்கம் இருக்கும். எந்த வரம்பை எத்தனை முறை தொட்டீர்கள் என்பது அதில் வரைபடமாகவே கிடைக்கும். எந்த நேரத்தில் கோடு மேலே ஏறியது என்று பார்த்து, அந்த நேரத்து லாக் ஃபைலோடு ஒப்பிடுங்கள். பார்வையாளர் எண்ணிக்கையும் அதே நேரத்தில் ஏறியிருந்தால் அது உண்மையான கூட்டம். பார்வையாளர் ஏறாமல் த்ரெட் மட்டும் ஏறியிருந்தால் மேலே சொன்ன நான்கில் ஒன்று.

த்ரெட்டுகள் எந்த வரியில் நிற்கின்றன என்று அறிய பைதானிலேயே ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற மாட்யூல் இருக்கிறது. எல்லா த்ரெட்டும் அந்த நொடியில் எந்த ஃபைலில், எந்த வரியில் உள்ளன என்று எழுதித் தரும். இருபது த்ரெட்டும் ஒரே வரியில், அதுவும் எஸ்.எம்.எஸ். அனுப்பும் வரியில் நின்றால், வேறு விசாரணை தேவையில்லை.

எத்தனை போதும்?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது. நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவருக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதோடு பெருக்கினால், ஒரே நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்று தெரியும். ரேஷன் கடை வரிசைக்கும் இது பொருந்தும், வெப் சர்வருக்கும் பொருந்தும்.

நிமிடத்துக்கு 600 கோரிக்கை என்றால் நொடிக்கு 10. ஒரு பக்கம் தயாராக 0.3 நொடி. 10 பெருக்கல் 0.3, விடை 3. சராசரியாக மூன்று ஒர்க்கர் வேலையாக இருக்கும். கூட்டம் சில நேரம் மொத்தமாக வரும் என்பதால் இரட்டிப்பாக 6 வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் மூன்று த்ரெட் என்று பிரித்தால் மெமரியும் குறையும். நிமிடத்துக்கு 600 கோரிக்கை என்பது ஒரு டியூஷன் சென்டர் தளத்துக்கு ரிசல்ட் நாளில்தான் வரும். 100 என்ற லிமிட் அதற்கும் தாராளம்.

இதே கணக்கில் எஸ்.எம்.எஸ். கதையைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு பதிவு, கேட்வே 30 நொடி திணறுகிறது. 1 பெருக்கல் 30, விடை 30. 6 த்ரெட் வைத்த தளம் ஆறு நொடியில் நிரம்பி விடும். லிமிட்டை ஏற்றி 60 த்ரெட் வைத்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். கேட்வே முழுவதும் படுத்து விட்டால், டைம்அவுட் இல்லாத நிலையில், 60-ம் ஒரு நிமிடத்தில் நிரம்பி விடும். அதற்குள் ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு டேட்டாபேஸ் இணைப்பையும் கையில் பிடித்துக் கொண்டிருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் இணைப்புகளின் வழக்கமான வரம்பு 151, போஸ்ட்க்ரெஸ்ஸில் 100. ஷேர்டு கணக்கில் உங்களுக்கு அதைவிட மிகக் குறைவாகவே ஒதுக்கியிருப்பார்கள். இந்தக் கூரையை உயர்த்தினால் அடுத்த கூரையில் தலை இடிக்கும். டைம்அவுட் 5 நொடி என்று வைத்தால் அதே கணக்கு 1 பெருக்கல் 5, விடை 5. செலவு ஒரு வரி.

லிமிட் உங்களுக்கும் நண்பன்தான்

சிலர் கேட்கலாம்: லிமிட்டே இல்லாமல் வைத்து விட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று. கூடவே கூடாது. ஒரு புரோகிராம் தன்னையே திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக் கொண்டே போனால், லிமிட் இல்லாத சர்வர் சில நொடிகளில் உறைந்து விடும். உள்ளே நுழைந்து நிறுத்தக் கூட முடியாது. ஷேர்டு சர்வரில் பக்கத்துக் கணக்கில் நடக்கும் இப்படிப்பட்ட கோளாறில் இருந்து உங்கள் தளத்தைக் காப்பாற்றுவதும் இதே லிமிட்தான். உங்கள் சொந்த வி.பி.எஸ்.ஸில் கூட டாஸ்க்ஸ்மேக்ஸ் என்ற வரியில் ஒரு நியாயமான எண்ணை நீங்களாகவே எழுதி வையுங்கள் என்று சொல்வேன். எண்ணிப் பார்த்ததில் 20 வந்தால் 60 என்று வையுங்கள். கசிவு ஏற்பட்டால் முழு சர்வரும் விழாமல், அந்த ஒரு சர்வீஸ் மட்டும் கூச்சல் போடும். உங்களுக்கும் சீக்கிரம் தெரியும்.

உயர்த்துவதே சரி என்கிற சமயங்களும் உண்டு. எண்ணினீர்கள், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் காரணம் தெரிகிறது, லிட்டில் கணக்கும் அதே எண்ணைத் தருகிறது, பார்வையாளர் உண்மையிலேயே கூடி விட்டார்கள். அப்போது தயங்காமல் பெரிய பிளானுக்குப் போங்கள். அது வளர்ச்சிக்குக் கட்டும் பணம். காரணம் தெரியாமல் கட்டுவது அபராதம்.

ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை

விளம்பரத்தில் ஹார்ட் டிஸ்க் இடம் அன்லிமிடெட், பேண்ட்வித் அன்லிமிடெட் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எத்தனை ப்ராசஸ், எத்தனை என்ட்ரி ப்ராசஸ், எவ்வளவு மெமரி என்பது பல பிளான்களில் கண்ணில் படும் இடத்தில் இருப்பதில்லை. பைதான் தளம் நடத்துகிறவருக்கு முதலில் தீர்ந்து போவது ஹார்ட் டிஸ்க் இடம் அல்ல, இந்த மூன்றுதான். மின்சார வாரியம் எத்தனை கிலோவாட் லோடு என்று சொல்லாமல் இணைப்பு கொடுத்தால் ஏற்றுக் கொள்வோமா? இதையும் அப்படிக் கேட்க வேண்டும். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். என்ப்ராக் எத்தனை? என்ட்ரி ப்ராசஸ் எத்தனை? வரம்பைத் தொட்டால் எனக்கு எங்கே தெரியும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத நிறுவனம் முதல் இரண்டுக்கும் என்ன எண் சொன்னாலும் யோசித்து முடிவெடுங்கள்.

உதவிப் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "லிமிட் தீர்ந்து விட்டது" என்பது பாதிப் பதில். எந்த லிமிட், எந்த நேரத்தில், எந்த ப்ராசஸால் என்பது மீதிப் பதில். அந்தத் தகவல் உங்கள் திரையில் இருக்கிறது. பிளான் மாறச் சொல்லும் முன் அதைச் சொன்னால் வாடிக்கையாளர் பல வருடம் உங்களிடமே இருப்பார்.

வாசகர்கள் பிழை வரும் வரை காத்திருக்க வேண்டாம். தளம் நன்றாக ஓடுகிற ஒரு சாதாரண நாளில் த்ரெட் எத்தனை என்று எண்ணி, ஒரு டைரியில் தேதியோடு குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை திரும்ப எண்ணுங்கள். போன மாதம் 9, இந்த மாதம் 9 என்றால் நிம்மதி. 9 என்பது 40 ஆகி இருந்து, பார்வையாளர் கூடவில்லை என்றால், எங்கோ குழாய் கசிகிறது. அதை அடைக்க, தளம் நின்று போன ரிசல்ட் நாளை விட, அந்தச் சாதாரண நாளில் உங்களுக்கு நேரம் நிறைய இருக்கும்.